விண்கலத்துக்கு வால்ட்ஸ் எதற்கு?

கேள்வி இதுதான்: "விண்வெளிப் படம் என்றால் இன்னும் இருநூறு வருடம் கழித்து நடக்கிற கதை. அதற்கு ஏன் இருநூறு வருடத்துக்கு முந்தைய வெள்ளைக்காரன் இசையைப் போடுகிறார்கள்? இசையமைப்பாளர் சம்பளம் மிச்சமா, இல்லை சும்மா பந்தாவா? நம் கர்நாடக இசையை ஏன் யாரும் தொடவில்லை?" பார்க்க மூன்று கேள்வி மாதிரி இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு படத்துக்கென்று எழுதாத இசை, அந்தப் படத்தோடு எப்படி ஒட்டிக்கொள்கிறது? பணமும் பந்தாவும் அப்புறம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் முப்பது வருடத்துக்கு மேலாக வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை. கற்றது கர்நாடக முறையில். பிறகு, பெற்றோர் சான்றிதழ் கேட்கிறார்களே என்று மேல்நாட்டு முறையையும் படித்து, பிள்ளைகளைக் கிரேடு தேர்வுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். சினிமாவுக்கு இசையமைத்ததில்லை. ஒரு இசை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று நான் சொன்னால் அது தொழில் பேச்சு. இயக்குநர் மனதில் என்ன இருந்தது என்று சொன்னால் அது என் ஊகம்.

சின்ன வயதில் எங்கள் ரப்பர் தோட்டத்துத் திடலில் மாதம் ஒரு படம் போடுவார்கள். இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத் துணி, முன்னால் பாய் விரித்துப் பெண்களும் பிள்ளைகளும், பின்னால் சைக்கிளில் சாய்ந்தபடி ஆண்கள். ஒருநாள் பாதிப் படத்தில் ஒலிபெருக்கி செத்துவிட்டது. படம் மட்டும் ஓடுகிறது. கதாநாயகன் செத்துப்போன தாயின் பக்கத்தில் உட்கார்ந்து வாயை அசைக்கிறார். அதே நேரம் மாரியம்மன் கோயிலில் இரவுப் பூசை, நாகஸ்வரமும் தவிலும். அங்கே வாசிக்கிறவருக்குத் திடலில் யார் செத்தார் என்று எப்படித் தெரியும்? அவர் பாட்டுக்கு மோகனம் வாசித்துக்கொண்டிருந்தார். மோகனம் அழுகிற ராகமே இல்லை. ஆனால் அன்று பாயில் இருந்தவர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். பத்து நிமிடத்தில் ஒலிபெருக்கி சரியாகி, படத்தின் சொந்த வயலின்கள் கதற ஆரம்பித்ததும் அழுகை நின்று, யாரோ கச்சான் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்தத் திடலில்தான் இருக்கிறது. படத்துக்கென்று எழுதுகிற இசை நடிகரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கும். அவர் அழப்போகிறார் என்றால் முன்கூட்டியே மூக்கைச் சிந்தும். பழைய இசைக்கு அந்தக் கவலை கிடையாது. தன் தாளத்தில், தன் நீளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். அப்படிப் போகும்போது திரையில் இருக்கிற மனிதர்கள் சின்னவர்களாகி, அவர்களைச் சுற்றியுள்ள இடம் பெரிதாகிவிடுகிறது. விண்வெளிப் படம் எடுக்கிறவருக்கு வேண்டியது அந்தப் பெரிசுதான்.

சரி, பணக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். மிச்சம் பிடிக்கப் போட்டதும் உண்டு. 1940-ல் வந்த ஃபிளாஷ் கார்டன் தொடர்படத்தில் லிஸ்ட் எழுதிய 'லே பிரெலூத்' என்ற 19-ஆம் நூற்றாண்டு இசை ஓடும். வாரம் ஒரு பகுதி என்று மலிவாக எடுத்துத் தள்ளிய படம் அது. சிக்கனத்துக்காகத்தான் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருப்பது அநேகமாக 1968-ல் ஸ்டான்லி கூப்ரிக் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. அங்கே கணக்கு தலைகீழ். அலெக்ஸ் நார்த் என்ற நல்ல இசையமைப்பாளரை அமர்த்தி, அவர் எழுதி, வாத்தியக் குழுவை வைத்து ஏறத்தாழ 40 நிமிட இசையைப் பதிவும் செய்தாகிவிட்டது. அதை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் பழைய இசைக்குப் போனார். தன் இசை படத்தில் இல்லை என்பது நார்த்துக்குப் படத்தைப் பார்க்கப்போன இடத்தில்தான் தெரிந்தது.

அப்புறம், 'பழைய இசை இலவசம்' என்பதும் அங்கே முழுக்கப் பொருந்தாது. படத்தில் இரண்டு ஸ்ட்ராஸ் இருக்கிறார்கள், உறவுக்காரர்கள் இல்லை. நீல டான்யூப் என்ற வால்ட்ஸை (ஜோடியாகச் சுழன்று ஆடுகிற நடனத்துக்கான இசை) எழுதிய யோஹான் ஸ்ட்ராஸ் பழையவர், அது 1867-ல் அரங்கேறியது. தொடக்கத்தில் முழங்குகிற 'ஜரதுஷ்ட்ரா' ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1896-ல் எழுதியது. அவர் இறந்ததே 1949-ல், ஐரோப்பாவில் உரிமை உயிரோடு இருந்த காலம். விண்கலத்தின் தனிமைக்குப் போட்ட மெல்லிய தந்தி இசை காசடூரியனுடையது. படம் வந்தபோது அவர் இருந்தார். படத்தில் இசை வருகிற இன்னொருவரான லிகெட்டியும் இருந்தார். அவருடைய 'லக்ஸ் எட்டெர்னா' எழுதி அப்போது இரண்டே வருடம். ஆகவே 'இருநூறு வருடம்' என்று நீங்கள் போட்ட கணக்கைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். அந்தப் படத்தின் பாதி இசை அன்றைக்குப் புத்தம் புதுசு.

பிறகு ஏன் மாற்றினார்? இதில் உறுதியாகத் தெரிந்தது தொழில் வழக்கம். படத்தை வெட்டி ஒட்டும்போது இசை இன்னும் தயாராகியிருக்காது. வெறுமையாகப் பார்த்தால் வேகம் பிடிபடாது என்று, கையில் இருக்கிற இசைத்தட்டு ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டு வெட்டுவார்கள். மாதக்கணக்கில் அதையே கேட்டுக் கேட்டு, வெட்டும் அதன் தாளத்துக்கே விழுந்துவிடும். மாப்பிள்ளை வரத் தாமதம் என்று தோழனை மணையில் உட்காரவைத்து, கடைசியில் தாலியையும் அவனே கட்டிவிட்ட கதை. கூப்ரிக் பின்னாளில் ஒரு பேட்டியில், நம் சினிமா இசையமைப்பாளர்கள் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் பீத்தோவனோ மொஸார்ட்டோ பிராம்ஸோ இல்லையே என்கிற பொருளில் சொன்னார். நார்த்தை அழைக்கும் முன்பே இந்த முடிவு அவர் மனதில் இருந்ததா என்பது பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை.

நார்த்தின் இசையை ஜெர்ரி கோல்ட்ஸ்மித் நடத்திப் பதிவுசெய்து 1993-ல் வெளியிட்டார். கேட்டேன். நல்ல இசை, கைதேர்ந்த வேலை. ஆனால் காட்சியைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிற இசை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இந்தக் கோல்ட்ஸ்மித்துக்கும் அதே அடி விழுந்திருக்கிறது. 1979-ல் 'ஏலியன்' படத்துக்கு அவர் எழுதிய முடிவிசையை எடுத்துவிட்டு, ஹாவர்ட் ஹான்சன் 1930-ல் எழுதிய இரண்டாவது சிம்பொனியைக் கடைசியில் ஓடவிட்டார்கள். இந்த வழக்கத்தில் அடிபடுகிறவர் எப்போதும் உயிரோடு இருக்கிற இசையமைப்பாளர்தான். 2016-ல் வந்த 'அரைவல்' படத்தில் மாக்ஸ் ரிக்டர் முன்பே எழுதிய ஒரு துண்டு முக்கியமான இடத்தில் வருகிறது. அது பார்வையாளர் மனதில் கலந்துவிடும் என்று சொல்லி, படத்துக்கென்று உழைத்து எழுதிய யோஹான் யோஹான்சனின் இசையை ஆஸ்கர் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

இனி வால்ட்ஸுக்கு வருவோம். விண்வெளியில் காற்று இல்லை, ஆகவே சத்தமும் இல்லை. பல படங்கள் இதைக் கண்டுகொள்ளாமல் ராக்கெட்டை உறுமவிடும். கூப்ரிக் விடவில்லை. வெளியே நடக்கிற காட்சிகளில் ஒன்று இசை, இல்லையென்றால் விண்வெளி வீரனின் மூச்சுச் சத்தம், அதுவும் இல்லையென்றால் மௌனம். மற்றப் படங்களில் இசை, வெடிச் சத்தத்துக்கும் வசனத்துக்கும் நடுவே இடுக்கில் நிற்கும். இங்கே முழு வீடும் அதற்குத்தான். அந்தக் காலி வீட்டில் என்ன வைக்கலாம்? திரையில் சக்கரம் போன்ற ஒரு நிலையம் மெதுவாகத் தன்னைத் தானே சுற்றுகிறது. கலம் ஒன்று அதோடு சேர வேண்டும். சேர வேண்டுமானால் அதுவும் அதே வேகத்தில் சுழல வேண்டும். வால்ட்ஸ் ஆடுகிற ஜோடி செய்வது அதுதான். இருவரும் தங்களைச் சுற்றிக்கொண்டே அரங்கத்தையும் சுற்றி வருவார்கள். நம் கணக்கில் அது திச்ரம்: தகிட, தகிட, தகிட. முதல் எழுத்தில் ஒரு தள்ளு, மற்ற இரண்டில் மிதப்பு. தூளியை ஒருமுறை தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் அது என்ன செய்யுமோ அதே அசைவு. நான்கு தாளத்தில் ஒரு அணிவகுப்பு இசையைப் போட்டிருந்தால் அந்தக் கலத்துக்கு எடை வந்திருக்கும். திச்ரம் எடையை எடுத்துவிடுகிறது. இது ஊகம் இல்லை, கை தட்டிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

'ஜரதுஷ்ட்ரா'வைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் நம் ஆட்களுக்கு அது அந்நியமே இல்லை. ஒரு கட்டையில் சுருதிப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஆர்கனும் பெரிய தந்தி வாத்தியங்களும் பிடித்திருக்கிற அந்த ஆழமான நாதம்தான் உங்கள் ஆதார ஸட்ஜமம். அதன்மேல் டிரம்பெட் வாசிக்கிற மூன்று சுரம்: ஸ, ப, மேல் ஸ. அவ்வளவுதான். தம்புராவில் இருக்கிறது மட்டுமே. 'க' என்கிற காந்தாரம் இன்னும் வரவில்லை, ஆகவே இது சந்தோஷமா துக்கமா என்று உங்களால் சொல்ல முடியாது. திடீரென்று முழு வாத்தியக் குழுவும் இறங்குகிறது, காந்தாரத்தின் உயர்ந்த வகையான அந்தர காந்தாரத்தோடு. இறங்கிய அடுத்த கணமே அது ஒரு படி தாழ்ந்த 'சாதாரண காந்தாரம்' என்ற வகையாகச் சரிகிறது. வெளிச்சம் வந்து மேகம் மூடியது போல. பிறகு முரசு, ஸ ப ஸ ப என்று. இரண்டாம் முறை அதே மூன்று சுரம், ஆனால் இப்போது சாதாரணத்தில் தொடங்கி அந்தரத்துக்கு ஏறுகிறது. மூன்றாம் முறை இறங்கவே இல்லை, மேலே மேலே போய் முழுச் சூரியன். சுருதி சுத்தமாகச் சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாமலே ஒரு அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும், சுயம்பு காந்தாரம் என்பார்கள். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் தம்புராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. நாதத்துக்குள் என்ன இருக்கிறதோ அதைத்தான் அவரும் எடுத்திருக்கிறார். (இன்னொன்று: படத்தில் கேட்பது கரயான் வியன்னா குழுவோடு நடத்தியது, படத்தின் பெயரில் விற்ற இசைத்தட்டில் இருப்பது கார்ல் பூம் பெர்லின் குழுவோடு நடத்தியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்றில்லை என்று தெரிந்துவிடும்.)

கூப்ரிக் படத்தில் மர்மமான ஒரு கறுப்புக் கல் வரும் இடங்களில் கேட்கிற லிகெட்டியின் இசையைப் பற்றித்தான் பிள்ளைகள் "சார், இது பாட்டா?" என்று கேட்பார்கள். 'ரெக்வியம்' என்ற அந்தத் துண்டில் கோரஸ் 20 தனிக் குரல்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் போக்கில் நெருக்கமான சுரங்களில் நகர்கிறது. தனியாக ஒரு குரலையும் பிடிக்க முடியாது. பால்மரக் காட்டில் மழை வருவதைத் தூரத்திலிருந்து கேட்டவர்களுக்கு இது புரியும். ஒவ்வொரு இலையிலும் ஒரு துளி விழுகிறது, ஆனால் உங்கள் காதுக்கு வருவது ஒரே ஒரு இரைச்சல், அது நெருங்கி வருகிறது. அவருடைய இசை இத்தனை இடத்தில் வரப்போகிறது என்பதே லிகெட்டிக்கு முன்கூட்டித் தெரியாது. அதில் ஒரு துண்டை மின்னணு முறையில் உருமாற்றி வேறு போட்டிருந்தார்கள். பிணக்கு வழக்கு வரை போய்ச் சமரசத்தில் முடிந்தது. படம் அவரை உலகம் முழுக்கக் கேட்கவைத்தது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நியாயம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் 1972-ல் தார்கோவ்ஸ்கி எடுத்த 'சோலாரிஸ்'. அதற்கு எதுவார்த் ஆர்தெமியெவ் மின்னணு இசை செய்திருக்கிறார். ஆனால் மனதில் நிற்பது பாக் ஆர்கனுக்கு எழுதிய ஒரு சின்னப் பிரார்த்தனை. நிலையத்தில் சில நொடிகளுக்கு எடை இல்லாமல் போகிறது. ஆணும் பெண்ணும் தரையை விட்டு எழும்புகிறார்கள், மெழுகுவர்த்தித் தண்டு ஒன்று மிதந்து போகிறது, சுவரில் ப்ரூகல் தீட்டிய பனிக்கால வேடர்கள். அங்கே பாக். கூப்ரிக் பழைய இசையை இயந்திரத்துக்குக் கொடுத்தார். இவர் அதை, விட்டு வந்த வீட்டுக்குக் கொடுத்தார். என் தாத்தா ரஜுலா கப்பலில் வந்தவர். பெட்டியில் என்ன கொண்டுவந்தார் என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் பால் வெட்டும்போது முணுமுணுத்த ஒரு தெம்மாங்கு என் அப்பாவுக்கு வந்து, என்னிடம் அரைகுறையாக நிற்கிறது. தொலைவாகப் போகிறவன் புதுப் பாட்டு கொண்டுபோக மாட்டான். ஆகவே 'எதிர்காலக் கதைக்கு ஏன் பழைய இசை' என்று நீங்கள் ஆச்சரியப்பட்டது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1973-ன் 'சாய்லண்ட் கிரீன்' படத்தில், பசுமை செத்துப்போன உலகத்தில் சாகப்போகிற கிழவருக்குப் பழைய காடுகளையும் ஆறுகளையும் திரையில் காட்டி பீத்தோவனின் ஆறாவது சிம்பொனியைப் போடுவார்கள். கதையே கேட்கிற இடம், ஆகவே பொருத்தம். 'மைனாரிட்டி ரிப்போர்ட்'டில் காவலர் கையை வீசிக் கணினித் திரையை நகர்த்தும்போது சூபர்ட்டின் முற்றுப்பெறாத சிம்பொனி. கையசைவு வாத்தியக் குழு நடத்துநரின் அசைவாகிவிடுகிறது, சாமர்த்தியம். 'தி ஃபிஃப்த் எலிமென்ட்'டில் நீல நிறத்து அந்நியப் பெண் டோனிசெட்டி 1835-ல் எழுதிய ஓபராவிலிருந்து பாடுவாள். குரல் இன்வா முலாவுடையது. பின்பாதியை மனிதக் குரல் பாடவே முடியாது என்று பரவலாகச் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள், மேடையில் பாடிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். 'மெலன்கோலியா'வில் வாக்னரின் அதே முன்னிசை திரும்பத் திரும்ப வருகிறது. மூன்றாவது முறைக்கு மேல் எனக்குப் புளித்துவிட்டது. பந்தாவும் இருக்கிறது, மறைக்க என்ன? வில்லன் படித்தவன் என்று காட்ட அவன் அறையில் ஒரு பியானோ துண்டை ஒலிக்கவிடுகிற படங்களை எண்ணி மாளாது.

கடைசியாக, நம் இசை. 1963-லேயே தமிழில் 'கலை அரசி' வந்திருக்கிறது. வேற்றுக் கிரகத்தார் தங்களிடம் கலை இல்லையென்று பூமியிலிருந்து பாடத் தெரிந்த பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிற கதை. பாட்டைத் தேடி விண்கலம் வந்த படம் நம்மிடம் இருக்கும்போது நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்? படத்தை விடுங்கள், நிஜத்திலேயே போயிருக்கிறது. 1977-ல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களில் வைத்த தங்க இசைத்தட்டில் பாக், பீத்தோவனோடு பாடகி கேசர்பாய் கேர்க்கரும் இருக்கிறார். ஹிந்துஸ்தானி பைரவி, நம் பைரவி இல்லை. சுரக் கணக்கில் நம் தோடிக்குப் பக்கம். பாட்டின் தொடக்கமே 'எங்கே போகிறாய்' என்பதுதான். கர்நாடக உருப்படியைப் படத்தில் வைப்பதற்கு ஒரு சிக்கல் உண்டு என்பது என் எண்ணம். அதில் சொல் இருக்கிறது, சொல்லில் தெய்வத்தின் பெயர் இருக்கிறது. கேட்டதும் மனம் கோயிலுக்கோ சபாவுக்கோ போய்விடும். சொல் இல்லாத இசைக்கு அந்தத் தடை இல்லை.

இதைச் சோதித்துப் பார்த்தேன். போன பள்ளி விடுமுறையில் ஐந்து பிள்ளைகள், சுவரில் படம், அந்த நிலையக் காட்சி. சத்தத்தை அணைத்துவிட்டு வேறு வேறு இசையைப் போட்டேன். முதலில் உறுமி மேளம். கலம் யாரையோ துரத்துகிறது என்றார்கள். மெதுவாகப் போகிற கலம், ஆனால் துரத்துகிறதாம். அடுத்து வால்ட்ஸ். "சார், இது ஃபோனில் காத்திருக்கச் சொல்லும்போது வருமே" என்று ஒருவன் கெடுத்துவிட்டான். மூன்றாவதாக மல்லாரி, கம்பீர நாட்டை, நாகஸ்வரமும் தவிலும். யாரும் பேசவில்லை. கலம் பக்கவாட்டில் திரும்பி நிலையத்தின் வாசலுக்கு நேராக வருகிறது. "சாமி புறப்பாடு" என்று ஒரு பையன் மெல்லச் சொன்னான். மல்லாரி வாசிப்பதே அதற்குத்தான். எங்களோடு வயலின் படிக்கிற சீனப் பெண்ணுக்கு மல்லாரி என்றால் என்னவென்று தெரியாது. அவளிடம் கேட்டேன். அவர்கள் கோயில் ஊர்வலத்தில் ஊதுகிற குழல் மாதிரி இருக்கிறது, பெரிய ஆள் யாரோ வருகிறார் என்றாள்.

ஐந்து பிள்ளைகளை வைத்து ஒரு விதி சொல்ல மாட்டேன். அதுவும் ஆடித் திருவிழாவும் தைப்பூசமும் பார்த்து வளர்ந்த ஊர்ப் பிள்ளைகள், வேறெங்கோ இருப்பவர்களுக்கு இது வெறும் ஊதலாகக் கேட்கலாம். ஆனால் மல்லாரி அந்தக் கலத்தைப் பார்க்கவே இல்லை, தேர் தெருவைப் பார்க்காதது போல. அது போதுமாக இருந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு நான் இறங்கும்போது அந்தச் சீனப் பெண் முன்னால் படிக்கட்டில் விசிலடித்துக்கொண்டே போனாள்: ஸ, ப, மேல் ஸ. மேல் ஸ கொஞ்சம் சுருதி குறைவு. பட்டறையில் யாரோ எஞ்சினை முறுக்கியதில் திருத்தச் சொல்ல முடியவில்லை.